'மக்கு' என்று சொல்லாதீர்கள்!

என் மகனுக்கு வயது பத்து. சைக்கிள் செயின் கழன்றால் அவனே மாட்டிவிடுவான். கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால், புத்தகத்தைப் பிரித்தால் முகம் வியர்த்துவிடும். 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று எழுதுவான். படித்த வரியையே மறுபடி படிப்பான்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை பேப்பரே வாசிக்கா, நீ முழிச்சுக்கிட்டு நிக்கியே" என்று திட்டி, கரண்டியால் அடித்தும் இருக்கிறேன்.

போன வருஷம் ஒருநாள், குறுக்குத்துறையில் குளித்துவிட்டுப் படியேறும்போது, "நான் மக்குதானம்மா? எல்லாரும் சொல்லுதாங்க, நீயும்தான சொல்லுத" என்றான். அழக்கூட இல்லை. தன் பேரைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அவன் ஆசிரியையின் யோசனைப்படி டாக்டரிடம் காட்டினோம். கண்ணிலும் காதிலும் குறையில்லை, 'டிஸ்லெக்சியா' என்றார். எழுத்தையும் அதன் ஓசையையும் சேர்த்துப் பார்ப்பதில் மூளைக்கு உள்ள சிரமமாம். அறிவுக்குறைவும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, தாயின் வளர்ப்பும் காரணமில்லை. குடும்பத்தில் தொடர்ந்தும் வரலாமாம். அதைக் கேட்டதும் என் கணவர், "நானும் இதுக்குத்தான் அடி வாங்கியிருப்பேன் போல" என்று தலைகுனிந்தார்.

இப்போது தினமும் இருபது நிமிஷம், தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைக்கிறேன். பாடத்தை நான் வாசிக்க, அவன் கேட்டுச் சொல்கிறான். ஆசிரியையும் அவனைத் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை; வாய்மொழியாகக் கேள்வி கேட்கிறார். என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "இவன்தான் எங்க வீட்டு மெக்கானிக்கு" என்கிறார். அப்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவச் சான்றிதழ் இருந்தால், அரசுப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி மூலம் விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இன்னமும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறான். ஆனால் போன வாரம், பஸ் போர்டில் 'பாபநாசம்' என்று தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். பத்தாவது மட்டுமே படித்த எனக்கு, அது பட்டம் வாங்கியதுபோல் இருந்தது.

மார்க் பிறகு வரட்டும். பிள்ளைக்குத் தன்மேல் உள்ள நம்பிக்கையை முதலில் காப்பாற்றுவோம். கரண்டி குழம்புக்கு மட்டும் இருக்கட்டும்!

— ஒரு வாசகி, திருநெல்வேலி டவுன்.