கெம்பஸ் போக எந்தப் பாடம், எவ்வளவு புள்ளி? – பெற்றோருக்குச் சில விளக்கங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நம்மிடம் வருகிற பெற்றோர் அநேகமாகக் கேட்பது ஒரே கேள்விதான். "புள்ள மூணு பாடமும் பாஸ் பண்ணிருச்சி, கெம்பஸ் கெடைக்குமா?" இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லிவிட முடியாது. பதிலில் பாதி, அந்தப் பிள்ளை சாதாரணதரம் முடித்து எந்த மூன்று பாடத்துக்குப் பெயர் கொடுத்ததோ அன்றைக்கே முடிவாகிவிட்டது. மீதிப் பாதிதான் பெறுபேற்றில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையை முக்கியமாக, சாதாரணதரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்காக எழுதுகிறோம். உயர்தரம் முடித்தவர்களுக்கு வேண்டியதும் பின்னால் வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தகுதி பெறுவது வேறு, தெரிவாவது வேறு. மூன்று பாடத்திலும் குறைந்தது 'எஸ்' எனப்படும் சாதாரண சித்தியை ஒரே தடவையில் எடுத்து, பிள்ளைகள் பொது அறிவு என்று சொல்லும் பொதுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் எடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும். அவ்வளவுதான். அப்படித் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது. போன வருடம் இரண்டு பாடம், இந்த வருடம் ஒரு பாடம் என்று சேர்த்துக் கணக்குக் காட்டவும் முடியாது. மூன்று தடவை வரை எழுதலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் மூன்று பாடத்தையும் முழுதாகச் சித்தியடைய வேண்டும்.

அந்த நாலில் ஒருவரை எப்படித் தெரிவு செய்கிறார்கள்? இங்கேதான் இசட் புள்ளி வருகிறது. 2001ஆம் ஆண்டிலிருந்து இந்த முறைதான் நடக்கிறது. ஏதோ மந்திரக் கணக்கு என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஒரு பாடத்தில் எல்லாரும் நிறையப் புள்ளி எடுக்கிறார்கள், இன்னொரு பாடத்தில் எல்லாருக்கும் குறைவாகத்தான் வருகிறது. இரண்டிலும் 70 எடுத்தவர்களை ஒரே தராசில் வைத்தால் நியாயமில்லை. ஒரு பேச்சுக்கு, ஒரு பாடத்தின் சராசரி 40, புள்ளிகளின் பரவல் 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 எடுத்த பிள்ளை சராசரிக்கு 30 மேலே நிற்கிறது. 30ஐ 15ஆல் பிரித்தால் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, பரவல் 10 என்றால், அங்கே அதே 70க்குக் கிடைப்பது 1 மட்டும்தான். இப்படி மூன்று பாடத்துக்கும் பார்த்து, அதன் சராசரியைத்தான் இசட் புள்ளி என்கிறார்கள். ஆகவே பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு மூன்று 'பி' வந்து இடம் கிடைத்தது, நம்ம பிள்ளைக்கும் மூன்று 'பி', ஏன் கிடைக்கவில்லை என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. எழுத்து ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் புள்ளி வேறு, பாடமும் வேறாக இருக்கலாம்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் முழு இலங்கைக்கும் பொதுவான திறமை வரிசைப்படி போகிறது. 55 வீதத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பங்கிடுகிறார்கள். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்த 16இல் அடங்கும். கண்டி, மாத்தளை, கேகாலை, களுத்துறை, காலி அடங்காது. அங்கேயும் தோட்டங்கள் இருக்கின்றன, அங்குள்ள லயங்களும் இங்குள்ளவை மாதிரித்தான், ஆனால் சட்டம் பார்ப்பது மாவட்டத்தை மட்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பதாகச் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. நுவரெலியா மாவட்ட இடத்துக்கு டவுன் பாடசாலைப் பிள்ளையும் தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் ஒன்றாகத்தான் போட்டி போட வேண்டும்.

உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடத்தில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மாமா வீட்டில் தங்கி கொழும்பிலோ கண்டியிலோ படிக்கட்டும் என்று அனுப்பும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும். நல்ல விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது லாபம். அதற்காக மாவட்டம் மாறிப்போனால் அதே புள்ளிக்கு இடம் கிடைக்காமல் போவது நட்டம். இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பக்கத்தில் தமிழ்மொழியில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிப்பிக்க ஆளில்லாத இடத்தில் மாவட்டத்தை மட்டும் காப்பாற்றி என்ன செய்வது? போகிற பிள்ளையின் பழைய பாடசாலை விடுகைப் பத்திரத்தையாவது பத்திரமாக வைத்திருங்கள்.

இனிப் பாடங்களுக்கு வருவோம். சாதாரணதரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடம் சித்தியடைந்து, மூன்றில் 'சி' எடுத்தால் உயர்தரம் படிக்கலாம் என்பது பொதுவான விதி. அதற்குப் பிறகு நடப்பதுதான் நமக்குக் கவலை. பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு இருக்கிறது, கூட்டாளிமார் அதில் சேர்கிறார்கள், பிள்ளையும் சேர்ந்துவிடுகிறது. எந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கும் என்று வீட்டில் யாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவதில்லை.

டாக்டராக வேண்டும் என்றால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் கட்டாயம். பல் மருத்துவம், மிருக வைத்தியம் ஆகியவற்றுக்குப் போவதும் இந்த வழியில்தான். பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கிற பிள்ளைகள் நிறைய. எடுக்கலாம், விவசாயப் பட்டம் போன்றவற்றுக்கு அது உதவும். ஆனால் எடுத்த அன்றே மருத்துவபீடத்தின் கதவு பூட்டிவிட்டது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து அது தெரியவந்து அழுத பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். விஞ்ஞானப் பிரிவுக்குப் போனால் டாக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைப்பதும் தப்பு. தாதியர் பட்டம், விவசாயம், விஞ்ஞானப் பட்டம் என்று அங்கே பல வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் படிக்கலாம். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப் படிப்பு இருக்கிறது. நாலு தலைமுறையாகத் தேயிலையோடு கிடக்கிற நம்ம வீடுகளில் அந்தப் படிப்பின் பெயரே பலருக்குத் தெரியாது.

இஞ்சினியருக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இதில் ஒரு மயக்கம் உண்டு. 2013ஆம் ஆண்டு பாடசாலைகளில் தொழில்நுட்பப் பிரிவு என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். பொறியியல் தொழில்நுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பம், அதோடு தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாகப் பட்டியலில் உள்ள இன்னொரு பாடம். இது நல்ல பிரிவு. கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்குப் பொருத்தமானது, பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே தொழில்நுட்பப் பீடங்களும் உண்டு. ஆனால் இதைப் படித்துப் பொறியியல் பீடத்துக்குப் போக முடியாது. பெயரில் 'பொறியியல்' என்று வருவதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் மூன்றையும் எடுக்கிறவருக்கு முகாமைத்துவம், வர்த்தகம் ஆகிய பட்டங்களுக்கு விண்ணப்பிப்பதில் தடையில்லை. ஒன்றை விட்டு வேறு பாடம் எடுப்பதென்றால் முதலில் கைநூலைப் பார்க்க வேண்டும்.

கலைப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், நம்ம பிள்ளைகள் அதிகம் இருப்பது அங்கேதான். கலை படித்தால் வேலையில்லை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளின் மனதை உடைத்துவிடுகிறார்கள். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் கலைப் பட்டத்தைத் தமிழில் படிக்கலாம். சட்டம் படிக்க விஞ்ஞானம் வேண்டும் என்றில்லை. எந்தப் பிரிவில் படித்தவரும் சட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் அந்தப் படிப்பு உண்டு. வெட்டுப்புள்ளி உயரமாக இருக்கும் என்பது உண்மைதான். சங்கீதம், நடனம் கற்ற பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் வழி இருக்கிறது. இம்மாதிரிப் படிப்புகளுக்கு உளச்சார்புப் பரீட்சை அல்லது செய்முறைப் பரீட்சை தனியாக நடக்கும். அதற்கான அறிவித்தலைப் பத்திரிகையில் கவனித்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொது விண்ணப்பத்தில் எழுதிவிட்டோமே என்று சும்மா இருந்தால் கூப்பிட மாட்டார்கள். கலைப் பிரிவிலும் மூன்று பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது, எதை எதோடு சேர்க்கலாம் என்பதற்கு விதி உண்டு.

மேலே கைநூல் என்று சொன்னோமே, அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் புத்தகம். எல்லாப் பாடநெறிகளும் அவற்றுக்கு வேண்டிய பாடங்களும் அதில் இருக்கின்றன. தமிழிலும் கிடைக்கிறது. உயர்தரம் எழுதிய பிறகுதான் அதை வாங்க வேண்டும் என்று ஒரு சட்டமுமில்லை. போன வருடத்துப் புத்தகத்தை யாரிடமாவது வாங்கி, சாதாரணதரம் முடித்த பிள்ளை இப்போதே புரட்டட்டும். வருடா வருடம் சில மாற்றங்கள் வரும் என்பதால், விண்ணப்பிக்கும்போது மட்டும் அந்த வருடத்துப் புத்தகம்தான் வேண்டும்.

உயர்தரம் முடித்தவர்களுக்கு இனி. விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். பெறுபேறு வந்தபின் கொடுக்கும் அவகாசம் சில வாரம்தான். போனில் சிக்னல் இல்லை, மழை என்று கடைசி நாள் வரை தள்ள வேண்டாம். பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுதச் சொல்வார்கள். அந்த வரிசைதான் பிள்ளையின் தலையெழுத்து மாதிரி. மேலே எழுதியதில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இசட் புள்ளி போதுமான முதல் இடத்தில் பிள்ளையைப் போட்டுவிடுவார்கள். எனவே உண்மையிலேயே விரும்புவதை மேலே எழுத வேண்டும், கிடைக்காதோ என்று பயந்து கீழே தள்ளக் கூடாது. மேலே எழுதியது கிடைக்காவிட்டாலும் அதனால் கீழே உள்ளதற்கு நட்டம் வராது. சில பிள்ளைகள் மூன்று நாலு மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விடுகிறார்கள். போகச் சம்மதமான எல்லாவற்றையும் எழுதுங்கள். போகவே மாட்டேன் என்கிற ஒன்றை இடம் நிரப்புவதற்காக எழுத வேண்டாம். ஒரு பாடநெறிக்குப் பதிவு செய்தவரை அடுத்த வருடம் மறுபடி தெரிவு செய்வதில்லை.

செலவைப் பற்றியும் கேட்கிறீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. 1981ஆம் ஆண்டு சட்டத்தால் உருவான மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் உண்டு. அது கிடைக்காதவர்களுக்கு வருமானம் பார்த்து உதவிப்பணம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் மூலம் நடக்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசிலும் இருக்கிறது. ஆனால் போன உடனே காசு கையில் விழாது, சில மாதம் ஆகும். சாப்பாடு, பஸ், போட்டோ பிரதி, தங்குமிடம் என்று அந்த ஆரம்ப மாதங்கள்தான் இறுக்கம். பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே ஒரு சீட்டுப் போட்டு அதற்கென்று ஒதுக்கி வைத்த குடும்பங்கள் சமாளித்திருக்கின்றன.

இடம் கிடைக்காத பிள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. பத்தனை ஸ்ரீபாத கல்லூரி உட்பட தேசிய கல்வியியல் கல்லூரிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். உயர்தரப் பெறுபேற்றை வைத்துத்தான் அங்கேயும் தெரிவு, ஆசிரியர் வேலைக்கு நேரான பாதை அது. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கலாம், கண்டியில் அதற்குப் பிராந்திய நிலையம் இருக்கிறது. கட்டணம் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைப் பாடநெறி ஒன்றைப் படித்து அங்கே உள்ளே போகலாம்.

கடைசியாகப் பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டு என்று இருப்பது நம்ம தோட்டங்களில் சாதாரணம். தகப்பன் பெயரை முன்னாலும் பின்னாலும் மாற்றிப் போட்டிருப்பார்கள். பதிவுக்குப் போகும் நாளில்தான் இது பூதம் மாதிரிக் கிளம்பும். திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்குப் பல தடவை நடக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் போய்விடும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே மூன்று பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நம்ம அலுவலகத்துக்கு வாருங்கள், எந்தப் படிவத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதித் தருகிறோம்.