குருதிப் புற்றுநோயாளரும் இரும்புக் குளிசையும்

குருதிப் புற்றுநோய் கண்ட ஒருவரின் முகம் வெளிறத் தொடங்கியதும் நம்மவர் வீடுகளில் முருங்கையிலை வறையும் ஈரற் கறியும் அடுப்பேறுகின்றன. கூடவே, யாரையும் கேளாமல் வாங்கிய இரும்புக் குளிசையும் வந்துவிடுகிறது. உணவைக் குறை சொல்வதற்கில்லை. குளிசையைப் பற்றித்தான் பேச வேண்டியுள்ளது.

குருதிச்சோகை என்றால் இரும்புக் குறைவு என்பது ஊரில் நாம் கற்ற பாடம். குருதிப் புற்றுநோயிலோ கோளாறு பெரும்பாலும் குருதி விளையும் நிலமாகிய என்பு மச்சையிலேயே தொடங்குகிறது. அந்நிலத்தின் இயல்பை உலகுக்குக் காட்டிய நகரம் இந்த ரொறன்ரோ என்பதை நம்மில் பலர் அறியோம். அந்நாளில் ஷேர்போர்ன் வீதியில் இயங்கிய பிரின்சஸ் மார்கரட் வைத்தியசாலையில் ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ட் மக்கலக் ஆகியோர் சுண்டெலிகளில் செய்து, 1961 முதல் வெளியிட்ட ஆய்வுகளே, குருதிக் கலங்களைப் பிறப்பிக்கும் மூலக் கலங்கள் மச்சையில் உண்டென நிறுவின.

அந்த மச்சையைப் புற்றுக் கலங்கள் ஆக்கிரமித்தால் செங்குழியங்கள் போதியளவு பிறப்பதில்லை. ஏறத்தாழ 120 நாட்களே வாழும் அவை கழியக் கழிய, ஈடு செய்ய ஆளில்லை. கீமோதெரபி மருந்தும் புற்றோடு மச்சையைத் தாக்குகிறது. மைலோமா நோயில் சிறுநீரகம் பழுதடைந்தால், செங்குழியத்தை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொயற்றின் சுரப்புக் குன்றுகிறது. நாட்பட்ட லிம்போசைற்றிக் லூக்கீமியாவில் சிலருக்கு உடலே தன் செங்குழியங்களை அழிக்கிறது. சிறுதட்டுக்கள் குறைந்து குருதி கசிவதும் உண்டு. அத்தகையோருக்கு இரும்பு உண்மையாகவே தேவைப்படலாம்.

வேறு சிலருக்கோ இரும்பு உடலில் இருந்தும் பயனில்லை. அழற்சியின்போது ஈரல் மிகுதியாகச் சுரக்கும் ஹெப்சிடின் அதனைப் பூட்டி வைக்கிறது. களஞ்சியத்தில் அரிசி இருக்கச் சங்கக்கடை மூடிக்கிடந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அடிக்கடி குருதி ஏற்றப்படுவோர் நிலை இன்னும் பாரதூரமானது. ஒரு பை குருதியில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உண்டு. உடல் நாளொன்றுக்கு இழப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். எஞ்சியது ஈரலிலும் இதயத்திலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். இவர்களுக்கு அன்போடு கொடுக்கும் குளிசை பாரத்தின் மேல் பாரம்.

ஆகவே, பெரிற்றின் எனும் இரும்பிருப்புப் பரிசோதனையின் முடிவு என்னவென வைத்தியரைக் கேளுங்கள். ஆங்கிலம் தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். பிள்ளைகளை இடையில் நிறுத்தினால், தாய் தன் களைப்பை மறைத்து "பரவாயில்லை" என்றே சொல்வாள். மூச்சுவாங்கல், நெஞ்சுநோ, கருமலம், கண் மஞ்சளித்தல் ஆகியவற்றில் எதனைக் கண்டாலும் அடுத்த தவணை வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள்.