போதைப் பயிரும் மாற்று வாழ்வும்

தொழில்களுள் உழவினை முதன்மையாகப் போற்றுவது தமிழர் மரபு. அத்தகைய உழவனே மாந்தர் அறிவை மயக்கி உடலைக் கெடுக்கும் அபினியையும் கஞ்சாவையும் பயிரிடுகின்றான் என்று கேட்குமிடத்து, அவனைப் பேராசைக்காரன் எனப் பழித்து அமைதல் எளிது. ஆயின், பழிப்பினால் ஒரு செடியேனும் குறைந்ததில்லை. அவன் ஏன் அதனைப் பயிரிடுகின்றான் என்று பொறுமையுடன் ஆராய்ந்த நாடுகளே அதனை ஒழிக்கும் வழியையும் கண்டன. அவை கண்ட உண்மை, போதைச் செடி பயிரிடும் வழக்கமில்லாத நெடுந்தீவுக்கும் பொருந்துவதாகும்.

அபினிச் செடி பெரும்பாலும் நல்ல பாதையற்ற மலைச்சாரல்களிலேயே களவாகப் பயிரிடப்படுகின்றது. அவ்விடத்து உழவன் காய்கறி விளைவித்தால், சந்தையை அடையுமுன் அது வாடி அழுகிவிடும். அபினிப் பசையோ நெடுங்காலம் கெடாதிருக்கும். அதன் நிறை சிறிது, விலை பெரிது. ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு முழுவதையும் ஒருவன் தோளிற் சுமந்து செல்லலாம். அச்சுமையுந் தேவையில்லாதவாறு வாங்குவோன் வாயிலுக்கே வருகின்றான். விதைக்கு முன்னரே முற்பணமுந் தருகின்றான். அம்முற்பணமே பின்னர்க் கடனாகி உழவனைப் பிணிக்கின்றது என்பது வேறு. பாதையும் பண்டசாலையும் சந்தையும் வங்கியும் இல்லாத ஒருவனுக்கு, அவை நான்குமாக அவ்வொரு செடி நிற்கின்றது. ஆகவே, அதனைப் பிடுங்கிவிட்டு வேறொரு செடியின் விதையை மாத்திரம் அவன் கையிற் கொடுத்தால், அவன் இழந்தவற்றுள் ஒன்றையே ஈடுசெய்தோமாவோம்.

இதற்குத் தாய்லாந்து தக்க சான்றாகும். அந்நாடு 1959ஆம் ஆண்டில் அபினியைச் சட்டத்தினால் முற்றாகத் தடைசெய்தது. எனினும், வடக்கு மலைகளிற் பயிர்ச்செய்கை நின்றபாடில்லை. 1969இல் மன்னர் பூமிபோல் மலைநாட்டு மக்களுக்கென அரச திட்டமொன்றைத் தொடங்கினார். பீச்சுப் பழம், காப்பி, அவரையினங்கள், மலர்கள் எனப் பலவும் அங்கு ஆய்ந்து பயிரிடப்பட்டன. விளைந்தவற்றைப் பதப்படுத்த ஆலைகளும், விற்பதற்கு ஒழுங்குகளும், ஊர்தி செல்லப் பாதைகளும் உடன் அமைந்தன. 1988இல் மன்னரின் அன்னையார் சியாங்ராய் மாகாணத்தின் டோய் துங் மலையில் மற்றொரு திட்டத்தை ஆரம்பித்தார். காடு வளர்த்தல், மருத்துவம், கல்வி, காப்பி, மக்கடேமியாக் கொட்டை, நெசவு ஆகிய யாவும் அதன்கண் இணைந்திருந்தன. இங்கு கருதற்பாலது ஒன்றுண்டு: மாற்று வழிகள் ஓரளவு வேரூன்றிய பின்னரே, 1980களின் நடுப்பகுதியில், செடிகளை அழிக்கும் பணி பெருமளவில் தொடங்கிற்று. ஊன்றுகோலைக் கொடுத்த பின்பே பழைய கோலைப் பறித்தனர் எனலாம். அதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வேண்டியிருந்தது.

இதற்கு மறுதலையான நெறியை ஆப்கானித்தானிற் காணலாம். 2022 ஏப்ரலில் அங்கு ஆட்சியாளர் அபினிப் பயிரைத் தடைசெய்தனர். ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் கணிப்பின்படி, 2022இல் 2,33,000 ஹெக்டேயராக இருந்த பயிர்நிலம் 2023இல் 10,800 ஹெக்டேயராகச் சுருங்கியது. எண்ணளவில் இது வியத்தகு வெற்றியே. ஆயின், அதே ஓராண்டில் உழவர் அப்பயிராற் பெற்ற வருவாய் நூறு கோடி டொலருக்கு மேலாகக் குறைந்துபோயிற்று. ஈடாக அவர்க்குக் கிடைத்தது சிறிதே. 2024இற் பயிர்நிலம் மீண்டும் சற்றுப் பெருகியது. உலகின் மிகப்பெரிய அபினி விளைநிலம் என்னும் இழிபெயரோ 2023இல் மியன்மாரைச் சென்றடைந்தது. அச்சத்தினால் நின்ற பயிர் பசியினால் மீளும் என்பதும், ஓரிடத்தில் அடக்கப்பட்டது பிறிதோரிடத்தில் முளைக்கும் என்பதும் இதனாற் பெறப்படும். இத்தகைய பட்டறிவை நாடுகள் தம்முட் பகிர்ந்துகொண்டதன் பயனாகவே, 2013இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை மாற்று அபிவிருத்திக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது.

இனி நெடுந்தீவை நோக்குதல் தகும். இலங்கையிற் கஞ்சா களவாகப் பயிரிடப்படுவது பெரும்பாலும் மொனராகலை முதலிய தென்கிழக்குக் காட்டுப் பகுதிகளிலாகும். வடகடலில் அகப்படுவதோ இந்தியாவிலிருந்து பாக்குநீரிணை வழியே கடத்தப்படும் ‘கேரளக் கஞ்சா’. நெடுந்தீவுக் கடலிலும் அது பலமுறை கைப்பற்றப்பட்டுள்ளது. கடத்துவோனுக்கு வேண்டுவன படகும் கடலறிவும். அவையிரண்டும் உடையவன் மீனவன். தீவக மீனவருட் பெரும்பாலார் நேரிய உழைப்பினாலேயே வாழ்பவர். வறுமை குற்றத்தை நியாயமாக்குவதுமன்று. எனினும், மலைநாட்டு உழவனை வளைத்த அதே காரணங்கள் இங்கும் உள என்பதை மறைத்தலாகாது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவிலிருந்து குறிகட்டுவான் துறையை அடைய ஒரு மணிநேரக் கடற்பயணம் வேண்டும். காற்றுக் கடுமையாயின் அதுவும் தடைப்படும். பனிக்கட்டி இல்லையேல் மீன் அழுகும். கடத்தற் பொதியோ அழுகுவதில்லை. அடியிழுவை மடியைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் நிறைவேறியும், எல்லை தாண்டிவரும் இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. வலையிழந்து கடன்பட்ட இளைஞன் முன், ஓரிரவுப் பயணத்துக்குக் கைமேற் பணம் என்று ஒருவன் வந்து நிற்கும்போதே சோதனை தொடங்குகின்றது. அப்பணத்துக்காகச் சிறை புகுபவன் அவ்விளைஞன். பொதிக்கு உரியவனோ கரையிற் கண்ணிற்படாதிருக்கின்றான்.

இச்சோதனையை எதிர்க்கத்தக்க பொருள்கள் தீவிலேயே உள்ளன. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி, கருவாடு, கடலட்டை என்பவற்றை எண்ணிப் பார்க்க. இவை யாவும் உரியவாறு உலர்த்தியோ பதப்படுத்தியோ வைப்பின் நெடுநாள் கெடாதவை. தொலைவுக்கு அனுப்புதற்கு எளியவை. அபினிக்கு வலிமை தந்த அவ்விரு குணங்களும் இவற்றுக்கும் உண்டு. இல்லாதவை, வாயிலுக்கு வந்து வாங்குவோனும் வட்டிக் கொடுமையற்ற முற்பணமுமே. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் பருவம் தொடங்குமுன் விலையை அறிவித்து, தீவிலேயே பொருளைக் கொள்முதல் செய்து, உறுப்பினருக்கு முற்பணமும் வழங்குமாயின் அக்குறை நீங்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றாலும் ஞாயிற்றொளியாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு, இந்திய நன்கொடையுடன், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அம்மின்சாரம் விளக்கெரிப்பதோடு நில்லாது பனிக்கட்டி ஆலைக்கும் குளிர்பதன அறைக்கும் பயன்படுதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலை நெடுங்காலம் திருவிதாங்கூர்ச் சந்தையையே பெரிதும் நம்பியிருந்தது; அச்சந்தை குன்றியபோது உழவர் இடர்ப்பட்டனர். ஆதலின், ஒரு பொருளையும் ஒரு சந்தையையும் மாத்திரம் நம்புதல் கூடாது.

காவற்படகு கடலைக் காக்கலாம். கரையிலிருப்போனின் மனத்தைக் காப்பது நாளை உண்டு என்னும் நம்பிக்கையே. நேர்மையான பண்டத்துக்கு நேரத்தில் ஒரு படகும், நிலையான ஒரு விலையும், நம்பத்தக்க ஒரு கடனும் கிடைக்குமாயின், இருளில் வந்து நிற்பவனின் சொல் தன் வலிமையை இழந்துவிடும் என்பது ஒருதலை.