நாயின் உடலில் ஒரு கட்டி

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நாயில்லாத சாளையைக் காண்பது அரிது. ஆட்டுப்பட்டிக்குக் காவலாகவும், இரவில் வாசலுக்குத் துணையாகவும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை எதிர்கொண்டு அழைக்கும் தோழனாகவும் அது நம்மோடு வாழ்கிறது. கோவை நகரின் நெருக்கமான வீதிகளிலும் இன்று நாய் வளர்க்கும் இல்லங்கள் பல. அதற்குப் பெயர் வைக்கிறோம். நம் உணவில் பங்கு தருகிறோம்.

அந்த நாயைக் குளிப்பாட்டும்போதோ, உண்ணி பொறுக்கும்போதோ, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன நடக்கும்? ஆத்தா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடச் சொல்வார். தகப்பனார் செலவை எண்ணி வாய் திறவாதிருப்பார். பிள்ளைகள், “செத்துப் போயிருமாப்பா?” என்று கேட்பர். தாயார், “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சமாதானம் சொல்வார். அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாகிவிடுவதும் உண்டு. இந்தத் தயக்கத்தைக் குறித்தே இங்கு நாம் சிந்திக்க விழைகிறோம்.

கட்டிகள் பலவகை

கட்டி என்றவுடன் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. முள் குத்திய இடத்திலும், வேறு நாய் கடித்த இடத்திலும் சீழ்க்கட்டி எழும். அது சூடாகவும் வலியுடனும் இருக்கும். இளங்குட்டிகளின் வாயைச் சுற்றி மருக்கள் தோன்றிச் சில மாதங்களில் தாமே உதிர்ந்துவிடுவதுண்டு. நடுவயது கடந்த, உடல் பருத்த நாய்களுக்குத் தோலுக்கடியில் மெத்தென்ற கொழுப்புக் கட்டி வரும். நடைக்கு இடையூறு செய்யாதவரை அதனை அறுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. தொப்புளருகே தோன்றும் புடைப்பு குடலிறக்கமாகவும் இருக்கலாம்.

இவற்றோடு தீய கட்டிகளும் உண்டு. அவற்றுள் ஒருவகைத் தோற்புற்று ஒரு நாள் பெருத்தும் மறு நாள் சிறுத்தும் காணப்படும். “கட்டி வாடிவிட்டது, மருந்து கேட்டுவிட்டது” என்று வீட்டார் மகிழ்வர். அது உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே, தொட்டுப் பார்த்து மட்டும் உறுதி சொல்ல யாராலும் இயலாது. அனுபவம் மிக்க மருத்துவரும் விரலை மட்டும் நம்புவதில்லை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில அணுக்களை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார். பெரும்பாலும் இதற்கு மயக்க மருந்தும் தேவையில்லை. தடுப்பூசி போடும் நேரத்தில் முடிந்துவிடும். இச்சோதனையிலும் தெளிவு கிட்டாவிடில், சிறு துண்டு சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவர்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மருத்துவரிடம் போவது என்றாலே அறுவைக்கு ஒப்புக்கொள்வது என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். முதற்படி கட்டியின் பெயரை அறிவது மட்டுமே. அதன் செலவு சிறிது. பெயர் தெரிந்தபின் அறுப்பதா, மருந்து கொடுப்பதா, விட்டுவிடுவதா என்பதைக் குடும்பமே அமைதியாகத் தீர்மானிக்கலாம். கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலும், ஒரு மாதமாகியும் மறையாவிட்டாலும், விரைந்து வளர்ந்தாலும், புண்ணாகிக் கசிந்தாலும் காலம் தாழ்த்தலாகாது.

பெட்டை நாயின் மடி

கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய்களை மிகுதியாகத் தாக்குவது மடிக்கட்டி. பெட்டை நாய்க்குப் பெரும்பாலும் ஐந்து இணைக் காம்புகள் இருக்கும். பின்னங்கால்களை ஒட்டிய கடைசி இரண்டு இணைகளிலேயே கட்டிகள் அதிகம் தோன்றுகின்றன. முதலில் பயறு போல் ஒன்று. பிறகு கோலிக்குண்டு போல். மடிக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீயவை என்பது மருத்துவர்களின் பொதுக் கணிப்பு. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டபோதே அகற்றப்படும் கட்டிகளில் நாய் பிழைத்து நெடுநாள் வாழும் வாய்ப்பு மிகுதி. நுரையீரலுக்குப் பரவியபின் அறுவை பயன்தராது. ஆதலால் கத்தி எடுக்குமுன் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பர்.

இந்நோயை வருமுன் காக்கவும் வழி உண்டு. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, கருத்தடை செய்யாத நாய்க்குள்ள அபாயம் நூறு எனக் கொண்டால், முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு அது அரை மட்டுமே. முதல் பருவத்துக்குப்பின் செய்தால் 8. இரண்டாம் பருவத்துக்குப்பின் 26. இவ்வெண்களின் துல்லியத்தைப் பின்வந்த அறிஞர் சிலர் வினவியதுண்டு. எனினும் காலத்தோடு செய்யும் கருத்தடை நன்மை தரும் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் கருதுகின்றனர். எந்த வயதில் செய்வது என்பதை நாயின் இனத்தையும் உடலையும் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

தொற்றும் கட்டியும் நித்தியகல்யாணியும்

தெருவில் கட்டின்றித் திரியும் நாய்களிடையே மற்றொரு கட்டியைக் காண்கிறோம். பிறப்புறுப்பிலும், சிலவேளை மூக்கிலும் வாயிலும் சிவந்த பூக்கோசு போல் வளர்ந்து இரத்தம் கசியும். இணைசேரும்போதும், மோந்தும் நக்கியும் பழகும்போதும் ஒரு நாயின் புற்றணுக்களே மற்றொரு நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. மனிதருக்கு இது தொற்றாது. 43 நாடுகளிலிருந்து திரட்டிய 546 கட்டிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிவு வியப்பூட்டுவது. இவை அனைத்தும் ஆசியாவில் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய கட்டியின் வழிவந்தவை என்பதே அது.

பார்க்க அருவருப்பூட்டும் இந்தக் கட்டியைக் கண்டு, “இனி இந்த நாய் தேறாது” என்று கைவிடுவோர் பலர். உண்மையில் கட்டிகளுள் எளிதில் குணமாவது இதுவே. வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தால், சில வாரங்களில் பெரும்பாலான நாய்கள் முழுநலம் பெறுகின்றன. நம் வாசலிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவதே அம்மருந்து. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கும் அது பயன்படுகிறது. ஆனால் அந்த இலையை அரைத்து நாய்க்குப் புகட்ட எவரும் துணிய வேண்டாம், அது நஞ்சு. மருத்துவர் கையில் அளவோடு வரும்போதே அது மருந்தாகும்.

செய்யத் தகாதவை

கட்டியின்மேல் சுண்ணாம்பு தடவுவதும், காய்ச்சிய இரும்பால் சூடு வைப்பதும், நூலால் இறுகக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும் வேண்டாம். சூட்டுப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். கட்டி மட்டும் அப்படியே இருக்கும். வீட்டிலுள்ள பாராசிட்டமால், புரூபன் போன்ற மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பதும் ஆபத்து. வலியுள்ள நாய் வளர்த்தவரையே கடிக்கலாம். மருத்துவரிடம் கொண்டுசெல்கையில் வாயை மெல்லிய துணியால் கட்டிக்கொள்வது நன்று. வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போட வேண்டும்.

எங்கே போவது?

நம் பாட்டனார் காலத்தில் கால்நடை மருத்துவம் என்றால் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியே நினைவுக்கு வரும். இன்று அந்நிலை இல்லை. 1985இல் நாமக்கல்லிலும், 2020இல் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. கோவையில் அரசு கால்நடை மருத்துவமனை உண்டு. சிற்றூர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உண்டு. மாடு, ஆடுகளுக்கு மட்டுமே அவை என்று எண்ணி நாயைக் கொண்டுசெல்லத் தயங்குவோர் உளர். தயங்க வேண்டாம். அங்கே இயலாததை எந்தப் பெரிய மருத்துவமனையில் செய்யலாம் என்பதை அந்த மருத்துவரே வழிகாட்டுவார்.

போகுமுன் சில குறிப்புகளைத் தயார் செய்துகொள்ளுதல் நலம். கட்டியை முதலில் கண்ட நாள், அதன் அளவு, நாயின் வயது, கடைசியாகப் பருவத்துக்கு வந்த காலம், இட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதலாம். கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் கட்டி வளர்கிறதா என்பது தெளிவாகும்.

செலவும் மனச்சான்றும்

பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நாயின் அறுவைச் செலவும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் என் செய்வது? 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் இருபுறமும் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்து எண்ணினால் வழி தெளிவாகும். வசதியின்மையால் பெரிய அறுவையைச் செய்யாத குடும்பம் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. பதினான்கு வயது கிழநாயை, இதயம் தளர்ந்த நிலையில், அறுவைக்கு உட்படுத்தாமல் விடுவதே அதற்குச் செய்யும் நன்மையாகவும் இருக்கலாம். வலி தணிக்கும் மருந்து, தூய்மையான படுக்கை, புண்ணைக் கழுவிக் கட்டுதல் ஆகியன எளிய குடும்பத்தாலும் இயலும். வலி மிகுந்து தணிக்க வழியில்லாத கட்டத்தில், நோவின்றி உயிர் அடங்கச் செய்வதைக் குறித்தும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். ஆனால் நோயுற்ற நாயை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருவது கொடுமை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இந்தத் தீர்மானத்தில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வோம். “ஒன்றும் இல்லை” என்று பொய் சொல்லி, ஒரு காலைப்பொழுதில் வெறுங்கயிற்றை அவர்கள் காணும்படி செய்வது தகாது. நாய்க்கு என்ன நோய், நம்மால் எவ்வளவு செய்ய இயலும், எது இயலாது என்பதை அவர்கள் வயதுக்கேற்பச் சொல்வோம். வீட்டில் முதியோர் நோயுறும் நாளில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் அது அவர்களுக்குப் பயிற்சியாகும்.

வரும் ஞாயிறன்று நாயைக் குளிப்பாட்டுகையில், வாயிலிருந்து வால்வரை, கழுத்தடி, அக்குள், மடி, தொடையிடுக்கு எங்கும் கை வைத்துத் தடவிப் பாருங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஏதேனும் தட்டுப்பட்டால் நாட்காட்டியில் தேதியைக் குறித்துவைத்து, அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.