அழகுக் கலையும் நுண்கலையும்

திருவனந்தபுரத்துப் பழவங்காடியில் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, நுண்கலைக் கல்லூரி எங்கே என்று வினவினால், வடக்கே பாளையத்துக்கு வழி காட்டுவார்கள். பாட்டுப் பயிலும் எண்ணத்துடன் சென்றவர் அங்கே ஓவியமும் சிற்பமும் கண்டு திகைப்பார். இசைக்குத் தைக்காட்டில் தனிக் கல்லூரி உண்டு. ஆனால், 'ஃபைன் ஆர்ட்ஸ்' என்னும் பெயரைத் தாங்கிய மும்பைச் சண்முகானந்த சபையிலோ கச்சேரிகள் நடைபெறுகின்றன. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அரசாங்கத் தாள்களை மொழிபெயர்க்கும் நாமும் இச்சொல்லின் முன் பலமுறை தயங்கியதுண்டு.

இக்கருத்தின் பிறப்பிடம் பிரான்சு. அங்கே இதனைப் 'போசார்', அதாவது அழகிய கலைகள், என்பர். 1746-இல் ஷார்ல் பத்தே என்னும் அறிஞர், இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகிய ஐந்தையும் இன்பம் பயக்கும் கலைகள் என ஒருங்கு தொகுத்தார். தேவைக்காகச் செய்யப்படும் தொழில்களை வேறாக நிறுத்தினார். கட்டடக் கலைக்கும் சொல்வன்மைக்கும், பயனும் இன்பமும் கலந்தவை என இடைநிலை அளித்தார். பின்னர்ப் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கலைப்பள்ளி ஓவியம், சிற்பம், கட்டடம் ஆகியவற்றைக் கற்பித்தது. இசைக்கு அங்கும் தனிப்பள்ளியே. ஆகவே அப்பெயர் கண்ணால் காணும் கலைகளுக்கே பெரிதும் உரியதாயிற்று. அப்பள்ளியில் பயின்ற அமெரிக்கர்கள் தாயகம் திரும்பிய பின், அவர்கள் எழுப்பிய கம்பீரமான கட்டடங்களின் பாணிக்கும் அதுவே பெயராயிற்று.

ஆங்கிலத்தின் வழியே வந்தமையால் நாம் 'நுண்கலை' என்கிறோம். பிரெஞ்சுச் சொல்லுக்கு 'அழகுக் கலை', 'கவின்கலை' என்பனவே நெருங்கியவை. நம் முன்னோர் எண்ணிய அறுபத்து நான்கு கலைகளிலோ பாட்டும் தச்சும் பூத்தொடுத்தலும் ஒரே வரிசையில் நிற்கும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பழவங்காடிக்கு அருகே, கோட்டைக்குள் உள்ள குதிரைமாளிகையின் கூரைவிளிம்பில் 122 மரக்குதிரைகள் அணிவகுக்கின்றன. அம்மாளிகையைக் கட்டுவித்த சுவாதித் திருநாளின் கீர்த்தனங்களை நாடறியும். குதிரைகளைச் செதுக்கிய கைகளின் பெயர் அவ்வாறு பரவவில்லை. கூரை தாங்குவது பயன் என்று தள்ளிவிட்டால் அவர் தச்சர். குதிரையின் துள்ளலைக் கண்டால் கலைஞர். பாளையத்துக் கல்லூரியும் 1888-இல் கலைப்பள்ளியாகத் தொடங்கித் தந்தச் செதுக்கு வேலை முதலியவற்றைக் கற்பித்து, 1975-இல்தான் நுண்கலைக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது.

வெளியூர்களில் வாழும் நேயர்களே! உங்கள் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதுமுன், அப்பெயர் அவ்வூரில் எதனைக் குறிக்கிறது என்று கேட்டறியுங்கள். அவன் பாட்டை விடுத்து உளியை விரும்பினால், குறைந்ததொன்றைத் தேர்ந்தான் என வருந்த வேண்டா. மேல் கீழ் என்னும் அந்தப் பிரிவினை சொல்லோடு வந்தது, கலையோடு பிறந்ததன்று.