பந்தயக்காரனின் கணக்கேடு

அரக்கோணம் இரயில் நிலையத்திற்கு அருகே மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் என்னிடம் கணக்குப் பயின்றவன். சென்ற ஆண்டு ஒரு மாலை என் வீட்டிற்கு வந்து, நோட்டுப் புத்தகம் ஒன்றை என் முன் வைத்தான். "சார், எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். செலவுப் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. வரவுப் பக்கத்தில் இரண்டே வரிகள். கூட்டலில் பிழை ஏதும் இல்லை.

அவன் டிராக் பந்தயம் ஓடுகிறவன். மாணவர்களே, இப்பந்தயத்தில் வளைவு கிடையாது. இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் பாயும். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். 15 வினாடியில் முடிந்துவிடும் இந்த ஓட்டத்திற்காக ஒருவன் மாதக்கணக்கில் உழைக்கிறான்.

செலவுகளைக் கேளுங்கள். 1996ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100 என்னும் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியது; பிஸ்டன், சைலன்சர், பற்சக்கரங்கள்; தலைக்கவசம்; உடல் முழுதும் மூடும் தோலாடை (தோலின் விலையை நம் இராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை); நுழைவுக் கட்டணம்; வண்டியை ஏற்றிச் செல்லக் 'குட்டி யானை' வாடகை. அவன் எழுத மறந்த செலவு ஒன்று உண்டு. பட்டறையை மூடிவிட்டுச் சென்ற நாட்களின் கூலிதான் அது. அதை நான் எழுதிச் சேர்த்தேன். முகம் சுளித்தான்.

பொருளாதாரப் பாடத்தில் நீங்கள் படிக்கும் குறைந்து செல் விளைவு விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தொழில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. ஓட்ட நேரம், எஞ்சினின் ஆற்றலுக்குத் தலைகீழான கனமூலத்தை ஒட்டியே மாறுகிறது. ஆகவே 15 வினாடியை 13.5 வினாடியாகக் குறைக்க வேண்டுமானால், நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்கு, ஆற்றல் ஏறத்தாழ 37 விழுக்காடு உயர வேண்டும். முதல் அரை வினாடியைக் கைத்திறனே வாங்கித் தந்துவிடும். கடைசி அரை வினாடிக்குக் கடன்தான் வாங்க வேண்டும். ஆனால் எடையைக் குறைத்தாலும் அதே பயன் உண்டு. வண்டியும் ஆளுமாக 165 கிலோ இருக்கும் இடத்தில் 10 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 0.3 வினாடி மிச்சம். இதை அவனுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். தன் வயிற்றைத் தடவிக்கொண்டான்!

நட்டம் என்று தெரிந்தும் ஏன் ஓடுகிறான்? "எங்கள் தொழிலில் யார் கெட்டிக்காரன் என்று வாடிக்கையாளர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அங்கே கடிகாரம் சொல்லும். அதோடு யாரும் வாதாட முடியாது" என்றான். சாதி, செல்வம், சிபாரிசு எதுவும் அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாதாம். இதை நான் முழுவதும் ஒப்பவில்லை. பணம் படைத்தவன் நல்ல எஞ்சினோடு வருகிறானே! ஆயினும் எஞ்சினின் கொள்ளளவை ஒட்டிப் பிரிவுகள் வகுத்திருப்பதால், ஏழை தன் போன்றவனோடு போட்டியிட ஓரளவு வழி இருக்கிறது.

இவ்விளையாட்டின் வரலாற்றில் விமான ஓடுதளங்களுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவில் 1950இல் சாண்டா ஆனா விமான நிலையத்தில் இளைஞர்கள் கட்டணம் செலுத்தி ஓடத் தொடங்கினர். தெருவில் ஓடியவர்களை ஒழுங்குக்குள் கொண்டுவரும் நோக்கத்துடன் 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினார். நம் பக்கத்திலும் அவ்வாறே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளத்தில், சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தினர். கல்லூரி நாட்களில் நானும் அங்கே வெயிலில் நின்று புழுதி தின்றிருக்கிறேன். பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே அமைந்தது. என் மாணவன் ஓடுவது அங்கேதான். அரக்கோணத்திலும் நீண்ட ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது 1992 முதல் கடற்படையின் இராஜாளி நிலையம். நம் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவே.

தடத்தில் ஓடச் செலவாகிறது, தெருவில் ஓடினால் இலவசம் என்று கருதுவோர் உண்டு. அவனோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த மற்றொருவன் அவ்வாறு கருதினான். நெடுஞ்சாலையில் இரவு பதினொரு மணிக்குத் தோழர்களோடு பந்தயம் ஓடினான். எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். இவன் வலக்காலை இழந்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு இதைக் குற்றமென்கிறது. பந்தயத்தில் நேரும் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீடும் உதவாது. ஆக, அந்த இலவச ஓட்டத்தின் செலவில் பெரும் பகுதியைப் பால்காரரின் வீட்டார் கொடுத்தார்கள். அவர்கள் பந்தயத்தில் சேரவே இல்லை.

நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கையில், ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்று முன்னதாகவே ஒதுக்கிக்கொள், அதற்குமேல் கடன் வாங்காதே என்று மட்டும் சொன்னேன். பந்தயத்தை விடச் சொல்வேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, சற்று நேரம் நின்றான். சென்ற மாதம் பட்டறைப் பக்கம் போனபோது, நான்கு கிலோ இளைத்திருப்பதாகச் சொன்னான். அதைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியதில்லையே என்றும் கேட்டான்.