எடை குறைப்பு ஆபரேஷன் – 7: பார்வைக்கு எட்டாமல் போகும் இரைப்பை

சென்ற வாரம் ஸ்லீவ், பைபாஸ் இரண்டையும் பார்த்தோம். ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில் எதையும் எடுப்பதில்லை. மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கிறது. ரத்தம் ஓடுகிறது, அமிலம் சுரக்கிறது. சாப்பாடு மட்டும் அங்கே போவதில்லை. வாய் வழியாக விடும் வழக்கமான எண்டோஸ்கோபியும் எட்டாது.

ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் தேவையா என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். "ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்குக் குழாயை விழுங்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இனி எளிதில் பார்க்கவே முடியாத ஓர் இடத்தைப் பார்க்க அதுதான் கடைசி வாய்ப்பு.

ஜப்பானியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே இரைப்பைப் புற்றுநோய் அதிகம். அதனால் இரைப்பையை மறைத்துவிடும் பைபாஸைச் செய்ய மருத்துவர்கள் தயங்கினார்கள். ஸ்லீவே பரவியது, 2014-ல் அதற்கு அரசுக் காப்பீடும் கிடைத்தது. சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கு, ஸ்லீவோடு சிறுகுடலின் முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடும் இணைப்பையும் சேர்த்துச் செய்தார்கள். மிஞ்சும் இரைப்பையைப் பிறகும் எண்டோஸ்கோபியில் பார்த்துக்கொள்ளலாம்.

மேலை நாடுகளில் தொந்தரவு உள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்ற கருத்து வலுவாக இருந்தது. 2016-ல் வந்த ஆய்வுத் தொகுப்புகளில், எண்டோஸ்கோபி செய்த 100 பேரில் சுமார் 8 பேருக்கே ஆபரேஷன் திட்டம் மாறியிருந்தது. எனக்கு அந்த 8 சிறிய எண்ணாகப் படவில்லை. அதைவிட முக்கியமானது, எந்த ஊரில் எண்ணுகிறோம் என்பது. இரைப்பை நோய்கள் மிகுந்த சமூகங்களில் எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்று பருமன் அறுவை சிகிச்சையாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2020-ல் சொன்னது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களைத் தாக்கும் முதன்மையான புற்றுநோய்களில் ஒன்றாக இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மேலை நாடுகளின் கணக்கை வைத்து நாம் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது சரியல்ல.

ஸ்லீவுக்கும் இது வேண்டும். காரணம் வேறு: எதுக்களிப்பு. ஃபின்லாந்தில் நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022-ல் வந்தன. ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாயில் அழற்சி. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். இரைப்பையின் மேல்முனை உதரவிதானத் துளை வழியே நெஞ்சுக்குள் ஏறியிருந்தாலோ, உணவுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டிருந்தாலோ, ஸ்லீவை விட்டு பைபாஸுக்கு மாறுவதே நல்லது. நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டு மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. புண் இருந்தும் எரிச்சலே தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

அல்ட்ராசவுண்ட் விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. தடித்த கொழுப்பைத் தாண்டுவதற்குள் ஒலியலை வலுவிழந்து படம் மங்கிவிடும். கல்லீரலில் கொழுப்பு இருக்கும் என்பது ஸ்கேன் இல்லாமலே தெரிந்ததுதான். அதன் இடப்பக்க மடல் வீங்கி இரைப்பையை மறைக்கும் என்பதால்தான், ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு தருகிறார்கள்.

ஆனாலும் பித்தப்பைக் கல்லைப் பார்ப்பதற்காகவாவது ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது. வேகமாக எடை குறையும்போது புதுக் கற்களும் உருவாகும். அதைத் தடுக்கவே பலருக்கு ஆறு மாதம் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் தருகிறார்கள். கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால், மற்றவர்களுக்கு வாய் வழியே குழாய் விட்டு எடுத்துவிடலாம். பைபாஸ் ஆனவருக்கு அந்தப் பாதை இல்லை. வயிற்றில் துளையிட்டு, ஒதுக்கிவைத்த இரைப்பைக்குள் புகுந்து, அங்கிருந்து குழாயை அனுப்ப வேண்டியிருக்கும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.